வெசாக் மலரும் வீட்டு முற்றமும்

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொகுத்துரைத்த 99 மலர்களின் பெயர்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் மாணவரை எமது வகுப்பறையிலே யாம் கண்டதுண்டு. அவர்களுள் ஒருவனை ஒருநாள் மாலை அவன் வாழும் லயத்தின் பின்புறத்தே சந்தித்தோம். அங்கு நின்ற முதிய பலாமரத்தின் கவட்டிலே, தடித்த பச்சைத் தண்டுகளோடு ஒரு செடி பற்றியிருந்தது. அதன் பெயர் யாதென வினவினோம். "அது புல்லுருவி, சேர். மரத்துச் சாற்றை உறிஞ்சிவிடும். நாளைக்கு அப்பா வெட்டிப் போட்டுவிடுவார்" என்றான்.

ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய மலர்களை அறிந்த பிள்ளைக்குக் கையெட்டும் தொலைவில் நின்ற மலரின் பெயர் தெரியவில்லை. அவனை நொந்து பயனில்லை. அவனுக்குக் கற்பித்தவர் யாமே. அச்செடி புல்லுருவியன்று. அது புறா ஓர்க்கிட் என மேல்நாட்டார் வழங்கும் செடி. மழைக்குப் பின்னர் ஒருநாட் காலையிலே, வெண்புறாக்கள் கிளையில் வந்து அமர்ந்தனபோலப் பூத்து, நறுமணம் பரப்பி, அன்று மாலைக்குள் வாடிவிடுவது. சப்பிரகமுவ மாகாணத்தின் வீதியோர மரங்கள் பலவற்றில் இதனைக் காணலாம்.

புல்லுருவிக்கும் ஓர்க்கிட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் விளக்குதல் தகும். புல்லுருவி தான் வாழும் மரத்தின் உட்பட்டையைத் துளைத்து வேர் செலுத்தி, மரத்தின் உணவுநீரிலே பங்குகொள்வது, அஃது ஒட்டுண்ணி. ஓர்க்கிட்டோ மரத்தின் புறப்பட்டையைப் பற்றி நிற்பதன்றி, உள்ளே புகுவதில்லை. மழைநீரும், பட்டையின் வெடிப்புகளிலே சேரும் உக்கிய இலையும் தூசும், காற்றின் ஈரமுமே அதற்குப் போதும். உணவைத் தன் இலையினாலேயே ஆக்கிக்கொள்கிறது. இத்தகைய செடியை மேலொட்டி என எமது விஞ்ஞான பாடநூல்கள் கூறும். மரத்தினிடம் அது வேண்டுவது நிற்க ஓர் இடம் மாத்திரமே.

இம்மயக்கம் எமது தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. வந்தா என்னும் வடசொல் மரத்தின்மேல் வாழும் செடிகளைப் புல்லுருவி, ஓர்க்கிட் என்று பாராது பொதுவாகக் குறித்து வந்தது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த சேர் வில்லியம் ஜோன்ஸ் அச்சொல்லை எடுத்து ஓர் ஓர்க்கிட்டுக்கு வழங்கினார். அதுவே இன்று உலகெங்கும் பூ வளர்ப்போர் நாவில் வண்டா எனப் பயிலும் பெயர். வேறொரு பெருஞ்சாதிக்கு டென்ரோபியம் என்று பெயர். 1799 இல் சுவீடன் நாட்டு அறிஞர் சுவாட்ஸ் என்பார் கிரேக்கச் சொற்கள் இரண்டைக் கூட்டி இட்டது. மரத்தில் வாழ்வது என்பது அதன் பொருள். பெயரிட்டவர் சரியாகவே நோக்கியிருக்கிறார். பெயரைப் பிழையாகச் சொன்னால் என்ன கேடு என்று வினவுவார்க்கு, ஒரு சொல்லின் பிழையால் எத்தனை மரங்களிலிருந்து எத்தனை செடிகள் கத்தியால் சீவி எறியப்பட்டன என்பதே எமது விடை. தமிழாசிரியராகிய யாம் தாவரவியலுக்குள் கால்வைத்தது இச்சொல்லின் பொருட்டே.

இலங்கையில் இயற்கையாக வளரும் ஓர்க்கிட் இனங்கள் ஏறத்தாழ 190 ஆகும். அவற்றுள் ஐம்பதுக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதன. அவ்வாறு எமது தீவுக்கே உரியவற்றுள் தலைசிறந்ததென யாம் கருதுவது வெசாக் மலர். சிங்கள மக்கள் வெசக் மல் என்பர். வெசாக் என்பதும் எமது வைகாசி என்பதும் வைசாகம் என்னும் ஒரே சொல்லினின்று பிறந்தனவாதலின், இதனை வைகாசி மலர் என்றாலும் பொருந்தும். மே மாதத்துப் பூரணையை ஒட்டிப் பூப்பதால் வந்த பெயர்.

இதன் தண்டுகள் பென்சிலினும் மெலிந்தவை. மரத்திலிருந்து ஓரடி, இரண்டடி நீளத்துக்குக் கீழ்நோக்கித் தொங்கும். இலைகள் ஒடுங்கி நீண்டு இருவரிசையாய் அமையும். தண்டின் நுனியை அண்டிச் சிறு கொத்துகளாக மலர்கள் தோன்றும். மென்மையான ஊதாவுங் கலந்த இளஞ்சிவப்பு நிறம். நடுவிதழின் தொண்டையிலே கடுஞ்சிவப்பு மறு ஒன்று. புறா ஓர்க்கிட்டைப் போல ஒருநாளில் வாடாது, வாரக்கணக்கில் நிற்கும். தாழ்நாட்டு ஈரவலயத்துக் காடுகளிலே, அருவிகளையும் ஓடைகளையும் அண்டிய நிழல் மரங்களில் இது வாழ்கிறது. இரத்தினபுரி மாவட்டத்துக் கலவானைப் பகுதியும் அதனை அடுத்துள்ள சிங்கராஜ வனமும் இதற்கு உரிய நிலம்.

இதனை உலகுக்கு அறிவித்தவர், 1849 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பேராதனைப் பூங்காவைப் பரிபாலித்த துவைட்ஸ் என்னும் ஆங்கிலேயர். அக்காலத்தில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்து, பின்னர் 1860 முதல் 1863 வரை தேசாதிபதியாயிருந்த மக்கார்தி என்பாரின் துணைவியார் பெயரால் டென்ரோபியம் மக்கார்தியே எனப் பெயரிட்டனர். 1855 இல் இலண்டனில் வெளிவந்த தாவரவியற் சஞ்சிகையொன்றிலே ஹூக்கர் என்பார் இதன் வண்ணப்படத்தை வெளியிட்டார். காட்டிலே தலைமுறை தலைமுறையாய் வெசக் மல் என்று அழைக்கப்பட்ட மலருக்கு ஒரு சீமாட்டியின் பெயர் கிடைத்தது. அது அக்காலத்து வழக்கம்; அதுபற்றி யாம் மேலும் பேசோம்.

பேச வேண்டியது மற்றொன்று. கண்டி நாட்டுக் கோப்பி அழிந்தபின் தேயிலை பரவியது. 1876 இல் இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. அதன்பின்னர் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த குன்றுகளெல்லாம் இறப்பர்க் காடாயின. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, கஹவத்தை, இரக்குவானை என்று இன்று யாம் அறியும் தோட்டங்கள் பல நிற்கும் நிலத்திலே முன்னர் நின்றது மழைக்காடு. அக்காட்டை வெட்டும்படி கத்தியும் கோடரியும் கொடுக்கப்பட்டவர் எம் முன்னோரே. கொடுத்தவர் வேறு, வெட்டியவர் வேறு. எனினும் மலர் வீடிழந்தது அவர் கையாலேயாம். சிங்கராஜ வனத்தின் ஒரு பகுதியிலும் 1970களிலே ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங் கொண்டு மரம் வெட்டப்பட்டது. 1977 இல் அது நிறுத்தப்பட்டது. 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. எஞ்சிய காட்டிலே எஞ்சிய செடிகளையும், வைகாசி வந்தால் பூவோடு பிடுங்கி வந்து விற்போர் உண்டு, வாங்குவோரும் உண்டு.

அவ்வாறு பிடுங்கிய செடி ஒன்று எமது கைக்கும் வந்தது. 2011 ஆம் ஆண்டு எமது வகுப்பு மாணவன் ஒருவன், காட்டோரத்தில் வேலைக்குச் சென்ற தன் மாமாவைக் கொண்டு எடுப்பித்து, கடதாசியிலே சுற்றி, எமக்குப் பரிசாகக் கொண்டுவந்து தந்தான். வெசாக் மலர் என்று பெயரும் சொன்னான். மூன்று பூக்கள் அதில் இருந்தன. யாம் பெருமகிழ்வு கொண்டோம். அழகிய பூச்சாடியொன்று வாங்கி, செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்பி, செடியை நடுவில் ஊன்றி, தண்டுகள் தொங்குதல் அழகன்று என்று எண்ணி ஒவ்வொன்றையும் ஈர்க்கிலோடு நிமிர்த்திக் கட்டினோம். காலையும் மாலையும் தண்ணீர் வார்த்தோம். ஒரு செடிக்குச் செய்யத் தகாதன யாவை என்று பட்டியல் இடுவார்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடையாது. பூ உதிர்ந்தது, வேர் கறுத்தது, ஆவணியில் இலை பழுத்தது, மார்கழியில் ஒன்றுமில்லை. அடுத்த வைகாசியிலே அம்மாணவன் வந்து, "சேர், பூத்ததா?" என்றான். "இன்னும் இல்லை" என்றோம். அது பொய். செடி இறந்து ஐந்து திங்கள் ஆகியிருந்தன.

செடி ஏன் இறந்தது என்பதை அதன் வேரே சொல்லும். மரத்தில் வாழும் ஓர்க்கிட்டின் வேரை எடுத்து நோக்கினால், உலர்ந்தபோது வெள்ளி நிறமாய் இருக்கக் காணலாம். நுனி மாத்திரம் பச்சை. உள்ளே மெல்லிய நரம்பு. அதனைச் சுற்றிப் பஞ்சுபோன்ற தடித்த உறை. மழைத்துளி பட்டதும் அவ்வுறை நீரைப் பற்றிக்கொள்ளும். பற்றியதும் கண்முன்னே பச்சையாய் மாறும். பின்னர் காற்றுப் பட உலர்ந்து மீண்டும் வெள்ளியாகும். இவ்வாறு நனைதலும் உலர்தலும் மாறி மாறி நிகழ்வதே அதன் உயிர்மூச்சு. மண்ணிலே புதைத்தால் உறை நீரிலே ஊறிக் காற்றின்றி அழுகும். நீர் குறைந்து இறந்த ஓர்க்கிட்டுக்களினும், அன்பு மிகுந்து இறந்தவையே எமது மாகாணத்தில் அதிகம். ஆண்டிற்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரியில், தண்ணீர் வார்க்கும் கையை அடக்குவதே வளர்ப்போன் கற்கவேண்டிய முதற் பாடம்.

காணியில்லாத மக்களுக்கு இதனினும் ஏற்ற செடி வேறில்லை என்று யாம் சில வேளை நினைப்பதுண்டு. இது மண்ணே கேளாத செடி. லயத்தின் முன்வாசலில், கூரைத் தாழ்வாரத்துக் கம்பியொன்று போதும்.

இனி, வளர்க்கும் முறையைக் கூறுவோம். புதிதாகத் தொடங்குவோர் வெசாக் மலரோடு தொடங்கவேண்டா. கடைகளில் கிடைக்கும் கலப்பின டென்ரோபியமே முதலாண்டுக்குத் தக்கது. ஊதா, வெள்ளை, இருநிறம் எனப் பலவகை உண்டு; பிழையைப் பொறுக்கும் குணமும் உண்டு. நான்கு அங்குல அகலமுள்ள, பக்கங்களிலும் துளையிட்ட மண்சட்டி வேண்டும். பெரிய சட்டி பெருமைக்கேயன்றிச் செடிக்கு உதவாது. இடம் மிகுந்தால் ஈரமும் மிகும். அடியிலே உடைந்த ஓட்டுத் துண்டுகள். மேலே பாக்களவான மரக்கரித் துண்டுகள். விரும்பினால் சிறு பொச்சுத் துண்டுகள் சில. பொச்சை ஒரு வாரம் நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றிக் கறை நீங்கியபின்பே இடல் வேண்டும். செடியின் அடி கரியின் மேற்பரப்பிலே இருக்கவேண்டுமே தவிரப் புதையலாகாது. ஆடாதபடி ஒரு குச்சியோடு கட்டுக. ஆடும் செடி புதுவேர் விடாது. விட்டாலும் நுனி உராய்ந்து கருகும்.

வெளிச்சம் பற்றிப் பலர் மயங்குவர். காட்டுச்செடியாதலின் இருள் வேண்டும் என்பது தவறு. மரத்தின் உயரத்திலே வாழ்வதாதலால் இலைகளூடே வடிந்த வெயிலைப் பழகியது. கலப்பின டென்ரோபியத்துக்குக் காலை வெயில் ஒன்பது மணிவரை நேரே படலாம். அதன்பின் பாதி நிழல் வேண்டும். கிழக்குத் தாழ்வாரமே சிறந்தது. இலை கடும்பச்சையாய்த் தழைத்துப் பூ வாராதாயின் வெளிச்சம் போதாது. இலை மஞ்சளித்து நடுவில் வெந்த தழும்பு காணின் வெயில் மிகை. புல்லின் இளம்பச்சையே நடுநிலை.

தண்ணீர் காலையிலே வார்க்கவேண்டும். இரவுக்கு முன் இலைக்கவடுகள் உலர்ந்திருத்தல் இன்றியமையாதது. தென்மேற்குப் பருவமழை மே மாதத்திற் பிடித்து செப்டெம்பர் வரை நின்று பெய்யும் நாட்களில் நீர் வார்க்கும் வேலையே இல்லை. அப்போது செய்யவேண்டியது, கொட்டும் மழை நேரே படாதபடி கூரைக்கீழ் நகர்த்துதலும், சட்டிகளை நெருக்கி வைக்காது காற்றோட்டம் விடுதலுமே. எமது செடிகள் பல அழுகியது ஆனி, ஆடியிலேயே. அழுகல் கண்டால், நெருப்பிற் காட்டி ஆறவைத்த கத்தியினால் நல்ல பகுதி தோன்றும்வரை வெட்டி, வெட்டுவாயிலே கறுவாத்தூள் பூசுக. கறுவா எமது மாகாணத்திலே விளையும் மருந்து, பூஞ்சணத்தைத் தடுக்கும். வேரில் மாத்திரம் படவிடலாகாது, வேரை உலர்த்திவிடும். தை, மாசித் திங்களிலோ நிலைமை மறுதலை. மழை ஒழிந்து, பகல் காய்ந்து, காற்று வறளும். நாள்தோறும் நனைக்க வேண்டியது அக்காலத்திலேதான். மழைக்காலத்து ஓய்வைப் பழகிய கை அப்போது மறந்துவிடும்.

உரம் பற்றிச் சுருங்கச் சொல்வோம். நீரிற் கரையும் இலையுரத்தை, உறையிற் குறித்த அளவிலே நான்கில் ஒரு பங்காகக் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தல் போதும். 2021 ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி சில மாதங்கள் தடைப்பட்டிருந்தபோது, மாட்டெருவை நீரில் ஊறவைத்து வடித்த தெளிவை நன்கு நீர்த்துத் தெளித்து வந்தோம். தேயிலையும் நெல்லும் பட்ட பாட்டை ஓர்க்கிட் பட்டதாகத் தோன்றவில்லை. குறைந்த உணவில் வாழப் பிறந்தவை அவை.

நத்தையே பெரும் பகை. ஓடுள்ளதும் ஓடில்லாததும் இரவிலே வந்து புதுவேரின் பச்சை நுனியையும் மொட்டையும் தின்றுவிடும். விளக்கோடு சென்று பொறுக்குதலே எமது முறை. இதற்கு எமது இளைய மகன் நத்தை ஒன்றுக்கு ஒரு ரூபாய் கூலி கேட்டு, பின்னர் விலைவாசி நோக்கி ஐந்து ரூபாயாக உயர்த்திக்கொண்டான். செதிற்பூச்சியும் வெண்மூட்டுப்பூச்சியும் இலையின் அடியிலே தங்கும். சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, பின் நல்ல நீரால் கழுவுக.

பூத்து முடிந்து இலையுதிர்ந்த பழைய தண்டுகளை அழகு கருதி வெட்டுவோர் பலர். அது பிழை. அத்தண்டு செடியின் களஞ்சியம். அடுத்த முளைக்கு உணவும் நீரும் அதிலேயே சேமிக்கப்பட்டுள்ளன. சுருங்கிப் பழுப்பானபின் நீக்கலாம். சில வேளை அதன் கணுவிலே வேருடன் ஒரு குட்டிச்செடி தோன்றும். வேர் இரண்டங்குலம் வளர்ந்தபின் பிரித்து வேறு சட்டியில் வைக்கலாம். அயலவர்க்கு ஈவதற்கு இதனினும் மலிவான பரிசில்லை.

இவ்வளவும் கைவந்தபின்னரே வெசாக் மலருக்கு வருதல் முறை. அதற்குச் சட்டி ஆகாது, தண்டு தொங்கவேண்டும். ஓரடி நீளமான பழைய பலாக் கட்டையொன்றை எடுத்து, செடியின் அடியைப் பாசியின் மெல்லிய படையொன்றின்மேல் வைத்து, பழைய நைலோன் காலுறையைக் கீறிய பட்டியால் இறுகாமற் கட்டுக. மரப்பன்னத்தின் தண்டை வெட்டிவந்து பயன்படுத்துவோரும் உண்டு. அதுவும் காட்டிலிருந்து வருவதே, அது வேண்டா. பொச்சு மட்டையும் நன்றே, ஆயின் எமது மழையில் இரண்டாண்டில் உக்கிவிடும். உயிர்மரத்தில் கட்டுவோர் பலா, மா முதலிய கரடுமுரடான பட்டையுள்ள மரங்களைத் தேர்க. கொய்யாவும் யூக்கலிப்டசும் பட்டையுரிப்பவை. கட்டிய செடி பட்டையோடு கழன்று விழும். கலப்பினங்களுக்கு வேண்டிய வெளிச்சத்திலும் குறைந்ததே இதற்குப் போதும். ஆயின் காற்றின் ஈரம் மிக வேண்டும். நீர்த்தொட்டியின் மேலோ கிணற்றடியிலோ தொங்கவிடுதல் நன்று. இதனை முற்றாகக் காயவிடலாகாது. உரம் முன்சொன்னதிற் பாதி. இடம் மாற்றாதிருத்தல் எல்லாவற்றினும் முக்கியம். கட்டிய இடத்திலே வேர் பற்ற ஓராண்டு கொள்ளும். பொறுக்க இயலாதோர் ரோசாச்செடி வளர்க்கலாம்.

செடியை எங்கே பெறுவது என்பதே இனி எஞ்சும் வினா. காட்டிலிருந்து எடுக்கலாகாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இது பாதுகாக்கப்பட்ட தாவரம். பிடுங்குதலும் விற்றலும் குற்றம். சட்டத்தினும் வலிய காரணம் ஒன்று உண்டு. ஓர்க்கிட்டின் காய் ஒன்றினுள்ளே பல்லாயிரம் விதைகள் இருக்கும், தூசினும் நுண்ணியவை. நெல்லுக்கும் பயறுக்கும் விதையினுள்ளே தாய் கட்டிக்கொடுத்த உணவு உண்டு. ஓர்க்கிட் விதைக்கு அது இல்லை. விழுந்த இடத்திலே தக்க பூஞ்சணம் ஒன்று அதனோடு கூடி உணவூட்டினாலன்றி முளைக்காது. இதனைப் பிரான்சு நாட்டு நோயல் பேர்னாட் 1899 இல் கண்டறிந்தார். ஆதலின் பல்லாயிரத்தில் ஒன்றிரண்டே செடியாகும்; அதுவும் பூக்கப் பல ஆண்டுகள் செல்லும். காட்டிலிருந்து ஒரு செடியைப் பிடுங்குவோன் பல்லாயிரம் தப்பிப்பிழைக்காதவற்றுள் தப்பிய ஒன்றைப் பிடுங்குகிறான்.

1922 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன், பூஞ்சணம் இல்லாமலே, சர்க்கரையும் உப்புச்சத்துகளும் கலந்த ஏகார்க் கூழிலே விதையை முளைப்பித்துக் காட்டினார். அன்றுமுதல் ஓர்க்கிட் போத்தலிலே பிறக்கலாயிற்று. கடைகளில் இன்று குறைந்த விலைக்குக் கிடைப்பனவெல்லாம் அவ்வழி வந்தவையே. வெசாக் மலரையும் அவ்வாறு பெருக்கலாம். வாங்குவோர் போத்தற் கன்றா, காட்டுச்செடியா என்று விசாரித்து வாங்குக. அடையாளம் எளிது. போத்தலில் வளர்ந்து பழக்கிய கன்றுகள் சிறியனவாய், ஒரே அளவினவாய், இலைத் தழும்பு இன்றி இருக்கும். காட்டுச்செடியின் வேரிலே மரப்பட்டைத் துண்டு ஒட்டியிருக்கும், வேர்கள் அறுந்திருக்கும், பெரும்பாலும் பூவோடு விற்கப்படும்.

வனிலாவும் ஓர்க்கிட் குடும்பத்ததே என்பது மாணவர் பலர்க்கு வியப்பளிக்கும். கேகாலை மாவட்டத்து வீட்டுத்தோட்டங்கள் சிலவற்றிலே கிளிசறியாக் கம்பத்திற் படர்ந்து நிற்கும் அக்கொடியின் தாயகம் மெக்சிக்கோ. வேறு நாடுகளில் நட்டபோது பூத்ததேயன்றிக் காய்க்கவில்லை. 1841 இல் இந்துசமுத்திரத்து ரியூனியன் தீவிலே எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், சிறு குச்சியொன்றைக் கொண்டு பூவின் நடுமடலை விலக்கி மகரந்தத்தைச் சேர்ப்பிக்கும் வழியைக் கண்டான். உலகின் வனிலாத் தோட்டங்கள் இன்றும் அவ்வழியே நடக்கின்றன. அச்சிறுவன் ஓர் அடிமை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இக்கதையை யாம் தவறாது சொல்வதுண்டு.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. விடுமுறைக்கு வந்து திரும்புகையில் பெட்டிக்குள் ஓர்க்கிட் ஒன்றை வைத்துச் செல்ல விழைவோர் உளர். 1973 இல் வாஷிங்டனில் கைச்சாத்தான சர்வதேச உடன்படிக்கையின்படி, ஓர்க்கிட் குடும்பச் செடிகள் அனுமதிப் பத்திரமின்றி நாடு கடத்தற்குரியனவல்ல. இலங்கை 1979 இல் அதிற் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து அன்பர்க்கு வேறொரு வார்த்தை: உங்கள் கிணற்றுச் சுண்ணநீரும் வெங்காற்றும் வெசாக் மலருக்கு ஒவ்வா. வரண்ட வலயத்துக்கே உரிய வண்டா இனம் ஒன்று உண்டு, அதனை நாடுக. மழைநீரைச் சேமித்து வார்ப்பின் கலப்பின டென்ரோபியமும் வாழும்.

யாம் 2016 இல், விதையிலிருந்து வளர்த்த வெசாக் மலர்க் கன்று ஒன்றை வளர்ப்போர் ஒருவரிடம் விலைக்கு வாங்கினோம். சுட்டுவிரல் நீளமே இருந்தது. பலாக்கட்டையிலே கட்டி, குளிக்கும் தொட்டியின் மேலே தொங்கவிட்டோம். முதலாண்டு ஒன்றும் நிகழவில்லை. இரண்டாமாண்டு இரு வேர்கள் கட்டையைப் பற்றின. மூன்றாமாண்டு நத்தை ஒரு தண்டைத் தின்றது. 2020 மே மாதம், நாடெங்கும் ஊரடங்கு நிலவி, பாடசாலை பூட்டி, வீதியிலே வெசாக் கூடு ஒன்றேனும் ஒளிராத அந்தப் பூரணை வாரத்திலே, இரண்டு மொட்டுகள் விரிந்தன. வீட்டார் நால்வரும் தொட்டியடியில் நின்று நோக்கினோம். வந்து பார்க்க வேறு எவருக்கும் வழியில்லை.

இவ்வாண்டு அதில் ஏழு தண்டுகள் தொங்குகின்றன. மழை ஓய்ந்தபின் செடியை இரண்டாகப் பிரிக்க எண்ணியுள்ளோம். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று தண்டுக்குக் குறையலாகாது. 2011 இல் எமக்குப் பரிசு தந்த மாணவன் இன்று பழைய மாணவர் சங்கத்து அங்கத்தவர். இம்மலர் அவர் கைக்கும் சேரும். அன்று அவரிடம் கூறிய பொய்யை இதனாற் திருத்துகிறோம். ஒரு பகுதி அவருக்குரியது. தை பிறக்குமுன் வந்து பெற்றுக்கொள்க. கூடை கொண்டுவருக, பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பேருந்தின் வெக்கையில் வழியிலேயே வெந்துவிடும்.